போர் முடிந்தும் ஆறாத மனசு: முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு என்ன பிரச்னை?

தஞ்சாவூர் அருகே விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் இருக்கிறது. இலங்கை இறுதிப் போரில் இறந்தவர்களின் நினைவாக 2013-ல் திறக்கப்பட்டது. இறந்தவர்களுக்காக அழ டெல்டாவில் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் உயிர் தப்பி வந்தவர்களின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அவர்களைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். டெல்டாவின் வாசலான திருச்சியில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்துக்கும் சேவை தொடங்கியது. ஆனால் முகாமில் பெரும்பாலானோருக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் கிடையாது.

தமிழ்நாடு முழுக்க 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த முதல் அலையில் கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கலாம்.

காலம் போனால் எல்லாம் சரியாகிவிடுமா?

பாதி உண்மை. ஆஸ்திரேலியாவில் குடியேறிய வியட்நாம் அகதிகளை ஆய்வு செய்த ஒரு குழு, 2002-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டது. வருடங்கள் போகப் போக பெரும்பாலானவர்களின் மனநலம் தேறியிருந்தது. ஆனால் பல கொடுமைகளை அடுத்தடுத்து அனுபவித்தவர்களுக்கு 10 ஆண்டுகள் கழித்தும் பாதிப்புக்கான வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. அமெரிக்காவில் குடியேறிய கம்போடிய அகதிகளிடம் 2005-ல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையானது. சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் 62% பேருக்கு பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு கூட்டத்துக்கும் குடியேறிய நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது. இங்கே அது இல்லை.

இடப்பெயர்வு நீளும்போது என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே ஆதாரம் இருக்கிறது. போர் முடிந்த சில மாதங்களில், 2009-ல் அங்கு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் மாவட்ட அளவில் 22% பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தன. அப்போதும் வீடு திரும்பாமல் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் அது சுமார் 42%. பி.டி.எஸ்.டி.யும் 7 சதவீதத்திலிருந்து 13 ஆகக் கூடியது. குண்டுச் சத்தம் நின்றது. 'நாளைக்கு எங்கே இருப்போம்' என்ற கேள்வி நிற்கவில்லை.

வெளியே எப்படித் தெரியும்?

'எனக்கு மனச்சோர்வு' என்று யாரும் வந்து நிற்பதில்லை. தூக்கம் வரல, நெஞ்சு படபடக்குது, தலை பாரமா இருக்கு, கை கால் எரியுது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இந்தப் பாதிப்பைத் தனிமனிதனோடு நிறுத்தக் கூடாது என்கிறார். ஊர், உறவு, கோயில், திருவிழா எல்லாம் சேர்ந்து குலைவதை அவர் கூட்டு மனவடு என்று விளக்குகிறார். மாத்திரை மட்டும் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

அரசு என்ன செய்திருக்கிறது?

2021-ல் தமிழக அரசு ரூ.317 கோடி திட்டத்தை அறிவித்தது. 7,469 புதிய வீடுகள், குடும்பத் தலைவருக்கு மாதம் ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு ரூ.1,000, குழந்தைகளுக்கு ரூ.500. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பழைய ஒற்றை அறைக் கொட்டகையில் மூன்று தலைமுறை படுத்தெழுந்ததை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வீட்டுச் சாவி கிடைத்தாலும் குடியுரிமை கிடைக்கவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. முகாம்வாசிகளில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகளும் இதில் உண்டு. பாட்டன் ஊருக்கே திரும்பி வந்தும் சட்டப்படி 'சட்டவிரோதக் குடியேறி'! இவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

2025 செப்டம்பரில் ஓர் ஆறுதல் வந்தது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய உள்துறை விலக்கு அளித்தது. பிடித்துச் சிறையில் போடுவார்களோ என்ற பயம் கொஞ்சம் குறையும். ஆனால் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. டிகிரி முடித்த பிள்ளை அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் பெயிண்ட் அடிக்கப் போவதை இந்த உத்தரவு மாற்றாது. போரையே பார்க்காத தலைமுறையின் மன உளைச்சல் இங்கேதான் தொடங்குகிறது.

உதவி எங்கே கிடைக்கும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளை அணுகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.