ஃபயர்வாலில் கை வைக்காதீர்கள்

வத்தலக்குண்டில் ஒரு வெற்றிலைக் கமிஷன் கடை என்று வைத்துக் கொள்வோம். முன்னால் பில் போட ஒரு கம்ப்யூட்டர், உள்ளே கணக்கு எழுத இன்னொன்று. பில்லிங் சாப்ட்வேரின் டேட்டாபேஸ் உள்ளே உள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதுதான் சர்வர். நேற்று வரை ஓடியது. காலையில் கரண்ட் போய் வந்த பிறகு "சர்வருடன் இணைய முடியவில்லை" என்கிறது. சாப்ட்வேர் போட்டுத் தந்தவருக்கு போன் செய்தால் முதல் பதில் என்ன தெரியுமா? "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க சார்."

எனக்குப் பிடிக்காத பதில் இது. நேற்று வழிவிட்ட ஃபயர்வால் இன்று ஏன் தானாக மறிக்கப் போகிறது? பெரும்பாலும் கோளாறு ரவுட்டரில்தான். அது ஆஃப் ஆகி ஆன் ஆகும்போது கம்ப்யூட்டர்களுக்குப் புதிய ஐபி அட்ரஸ் தரக்கூடும். சர்வர் 192.168.1.5-லிருந்து 192.168.1.7-க்குக் குடி மாறியிருக்கும். பில் போடும் கம்ப்யூட்டரோ பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்! சர்வரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்தால் இப்போதைய அட்ரஸ் தெரிந்துவிடும். ரவுட்டர் செட்டிங்கில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே அட்ரஸை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அடுத்த மின்வெட்டில் இந்தத் தொல்லை இல்லை.

அட்ரஸ் சரியா? அடுத்து, டேட்டாபேஸ் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். பிங் செய்து பதில் வரவில்லை என்று பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கையே தடுப்பதுண்டு. பிங் வந்துவிட்டது என்று மகிழவும் வேண்டாம். டேட்டாபேஸின் வாசல் வேறு. அதற்குப் போர்ட் என்று பெயர். எஸ்க்யூஎல் சர்வருக்கு வழக்கமாக 1433, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306.

புதிதாக நிறுவியது என்றால் கதை வேறு. இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் வெளிக் கம்ப்யூட்டர்களுக்கான டிசிபி/ஐபி வழியை மூடி வைத்துத்தான் வருகிறது. பலர் இதைக் கோளாறு என்று திட்டுகிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் என்பேன் நான்.

2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற வார்ம் எஸ்க்யூஎல் சர்வரின் 1434 போர்ட் வழியாகப் புகுந்தது. அளவு வெறும் 376 பைட். பாஸ்வேர்ட் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. சுமார் பத்தே நிமிடத்தில், அது தாக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 சிக்கின. அமெரிக்காவில் ஏடிஎம்கள்கூட முடங்கின. ஓட்டையை அடைக்கும் பேட்சை 2002 ஜூலையிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் குறைவு. எம்எஸ்டிஇ என்ற சின்ன டேட்டாபேஸ் வேறு சாப்ட்வேர்களோடு சேர்ந்தே வந்ததால், தன்னிடம் ஒரு சர்வர் இருப்பதே தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

நம் கடைக்காரருக்கும் சர்வர் இருப்பது தெரியுமா என்பது சந்தேகம்தான். ஆகவே ஃபயர்வாலை ஆஃப் செய்யாமல், சாப்ட்வேர்காரர் சொல்லும் அந்த ஒரு போர்ட்டை மட்டும், கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்குக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கொடைக்கானலில் ஒரு கிளை இருந்து, அங்கிருந்தும் பில் போட வேண்டுமானால்? ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து டேட்டாபேஸை நேராக இன்டர்நெட்டில் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிம் கார்டு இன்டர்நெட்டில் பெரும்பாலும் அது வேலையும் செய்யாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இரண்டு இடத்திலும் விபிஎன் போடச் சொல்லுங்கள். தலைவலிதான், கொஞ்சம் செலவும் ஆகலாம். ஆனால் மூன்று வருடக் கணக்கும் பாக்கிப் பட்டியலும் அந்த ஒரு டேட்டாபேஸில்தானே இருக்கிறது?

போனை வைக்கும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும் உரியதா, அந்த சாப்ட்வேர் வாங்கிய எல்லாக் கடைக்கும் ஒன்றேதானா?