விரலும் விழியும் செவியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மின்னல் முந்தும், இடி பிந்தும் என்பது பள்ளி வாசலை மிதியாதவரும் அறிந்த உண்மை. எல்லைக்கோட்டருகே அமர்ந்து கிரிக்கெட் பார்ப்பவனுக்கு மட்டை பந்தைத் தொடுவது முதலில் தெரியும். 'டக்' என்னும் ஓசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி கழித்தே கேட்கும். விமானங்களின் நிழலில் வாழும் எங்கள் நங்கநல்லூர்வாசிகளுக்கோ இது அன்றாட அனுபவம். அரைக் கிலோமீட்டர் தொலைவில் செல்லும் விமானத்தின் ஓசை நம்மை வந்தடைய ஒன்றரை வினாடி ஆகும். ஓசை வந்த திசையில் அண்ணாந்து பார்த்தால் விமானம் அங்கே இராது. நூறு மீட்டர் முன்னே போயிருக்கும்!

இயற்கை செய்யும் இந்தத் தாமதத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். ஆனால் இன்று நம் வீட்டுக் கூடத்திற்குள்ளேயே ஒரு தாமதம் புகுந்திருக்கிறது. விளையாட்டுக் கன்சோல், தொலைக்காட்சி, சவுண்ட்பார் என்று மூன்று பெட்டிகளை இணைத்துவிட்டு, துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் கேட்கிறதே, நடிகர் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறதே என்று மனம் வெதும்புவோர் பலர். இந்தக் குறையை நீக்கப் பெரும்பாலும் பணம் தேவையில்லை, கொஞ்சம் பௌதிகம் போதும் என்பது என் கருத்து. அந்தப் பௌதிகத்தை வாங்குகிறவர் கண்ணில் படாமல் வைத்திருப்பது முறையன்று என்பதும் என் கருத்து.

பரங்கிமலையின் பீரங்கி

நண்பர்களே, ஒலியின் தாமதத்தை அளக்கும் கலைக்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அந்நாளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும், நங்கநல்லூரை அடுத்த பரங்கிமலையிலும் காலையிலும் மாலையிலும் பீரங்கி முழங்குவது வழக்கம். 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் அவர் பீரங்கியின் ஒளி தெரிந்த கணத்திலிருந்து ஓசை கேட்ட கணம் வரை காலத்தை எண்ணினார். பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கம் சுமார் 9 கிலோமீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். ஆகவே இடைவெளி ஏறக்குறைய 26 வினாடி. வெப்பமும் ஈரமும் மாறமாற ஒலியின் வேகமும் மாறுவதை மாதவாரியாகக் கணக்கிட்டு, 1823-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அவர் வெளியிட்டார். கண்ணும் காதும் ஒரு கடிகாரமும் கொண்டு உலகறிந்த அளவீடு ஒன்று நம் வாசலில் நடந்திருக்கிறது. கூடத்துத் தாமதத்தை அளக்க நாம் தயங்கலாமா?

தமிழ்த் திரைக்கும் இந்தச் சிக்கல் பழையதே. 1931-இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கிய நாள் முதல் உதடும் ஒலியும் ஒட்டவேண்டும் என்ற கவலை தொடங்கிவிட்டது. படப்பிடிப்பில் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் தட்டப்படும் கிளாப் பலகை வெறும் சடங்கன்று. பலகை மூடும் படச்சட்டத்தையும் 'டப்' என்ற ஒலியையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திவிட்டால், அதன்பின் வரும் அத்தனையும் தாமே பொருந்திவிடும்.

முந்துவதும் பிந்துவதும் ஒன்றா?

ஒலி சற்றே பிந்தினால் நம் மூளை பொறுத்துக்கொள்ளும். இயற்கையில் அது பழகிய ஒன்று. முந்தினாலோ உடனே உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதையே எண்ணால் சொல்கிறது. ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்வார். பிந்தினால் 125 மில்லி வினாடி வரை கண்டுகொள்ளமாட்டார்.

இது திரைப்படம் பார்ப்பவர் கணக்கு. விளையாடுகிறவனுக்கு மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு, அதுதான் விரல். விரல் பொத்தானை அழுத்துகிறது, விழி பார்க்கிறது, செவி கேட்கிறது. படத்தில் காட்சியையும் ஒலியையும் சேர்ந்தாற்போல் கால் வினாடி தாமதப்படுத்தினாலும் எவருக்கும் நட்டமில்லை. விளையாட்டிலோ விரலுக்கு உடனே பதில் வேண்டும். ஆகவே சினிமாவுக்குப் பொருத்தம் போதும். விளையாட்டுக்குப் பொருத்தமும் வேண்டும், விரைவும் வேண்டும்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

முதலாவது இடம் தொலைக்காட்சி. படத்தை மெருகூட்டவும் அசைவை வழவழப்பாக்கவும் அது சில படச்சட்டங்களைப் பிடித்து வைக்கிறது. வினாடிக்கு 60 சட்டம் என்றால் ஒரு சட்டம் 16.7 மில்லி வினாடி. ஆறு சட்டங்களைப் பிடித்து வைத்தால் 100 மில்லி வினாடி போயிற்று! இங்கே பிந்துவது படம். 'கேம் மோட்' என்னும் அமைப்பு இந்த மெருகு வேலைகளைக் குறைத்துப் படத்தை விரைவில் தருகிறது.

இரண்டாவது இடம் ஒலியின் பாதை. கன்சோல் ஒலியைச் சுருக்கி டால்பி போன்ற குறியீடாக்கி அனுப்பினால், சவுண்ட்பார் அதை விரித்தெடுக்க நேரம் ஆகும். சுருக்காத பி.சி.எம். ஒலிக்கு அந்த வேலை இல்லை. சாதாரணப் புளூடூத் இணைப்போ 100 முதல் 200 மில்லி வினாடி வரை எளிதாகத் தின்றுவிடும். பாட்டுக் கேட்க அது போதும்; பந்தாடப் போதாது.

திருத்தும் முறை

முதலில் நோயை அறியவேண்டும். கிளாப் அடிப்பது போன்ற காட்சி ஒன்றை அதே கன்சோல் வழியாக ஓடவிட்டுக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். வினாடிக்கு 30 சட்டம் என்றால் ஒவ்வொரு சட்டமும் 33 மில்லி வினாடி. ஒலி முந்துகிறதா பிந்துகிறதா என்பதும், ஏறத்தாழ எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து, சவுண்ட்பாரை அணைத்துத் தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் கேளுங்கள். அதில் சரியாக இருந்தால் குற்றம் சவுண்ட்பாருக்குப் போகும் பாதையில். அதிலும் தவறென்றால் கன்சோலையோ தொலைக்காட்சியையோ ஆராயவேண்டும்.

அதன் பிறகே சிகிச்சை. புளூடூத்தை விட்டு, ஆர்க் அல்லது ஈ-ஆர்க் என்று எழுதியிருக்கும் எச்.டி.எம்.ஐ. துளையில் கம்பியைச் செருகுங்கள். ஆர்க் 2009-லும், அதைவிட மேம்பட்ட ஈ-ஆர்க் 2017-லும் எச்.டி.எம்.ஐ. நெறிமுறையில் சேர்ந்தவை, உதடும் ஒலியும் பொருந்தத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு ஈ-ஆர்க்கில் கட்டாயம். கன்சோலில் ஒலியைப் பி.சி.எம்.-க்கு மாற்றுங்கள். கேம் மோடை இயக்குங்கள். தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியை அணையுங்கள். இரண்டும் ஒலித்தால் எதிரொலி போல் கேட்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கேம் மோடை இயக்கியதும் ஒலித் தாமதம் கூடிவிட்டதாகச் சிலருக்குத் தோன்றும். படம் முன்னே வந்துவிட்டது, ஒலி பழைய இடத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான். கேம் மோடை அணைப்பது இதற்கு மருந்தாகாது; அணைத்தால் விரலுக்குப் பதில் தாமதமாகும். ஒலியின் பாதையைச் சுருக்குவதே வழி.

கடைசியாக 'ஆடியோ டிலே' என்ற எண். அது ஒலியைப் பிந்தச் செய்யும் கருவி மட்டுமே. ஒலி ஏற்கெனவே பிந்தியிருந்தால் முதலில் அந்த எண் பூச்சியத்தில் உள்ளதா என்று பாருங்கள். ஒலி முந்தியிருந்தால் மட்டும் பத்துப் பத்து மில்லி வினாடியாகக் கூட்டுங்கள்.

இதுவும் ஒரு பிரச்சினையா?

"நாட்டில் எத்தனையோ துன்பம் இருக்க, விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு கட்டுரையா?" என்று பேராசிரியர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் காது மந்தமான பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு எழுத்தைச் சொல்லும் உதட்டையும் வேறோர் எழுத்தின் ஒலியையும் சேர்த்துக் காட்டினால் மூளை மூன்றாவது ஒன்றைக் கேட்கிறது என்று 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் ஆகிய இருவரும் காட்டினர். நாம் கண்ணாலும் கேட்கிறோம்! அவர்களுக்கு உதடும் ஒலியும் பிரிவது பேச்சையே இழப்பதாகும்.

இன்னொன்றும் சொல்வேன். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் மாதத் தவணையில் சவுண்ட்பார் வாங்கினார். மகனின் பழைய கன்சோலில் ஒலி பிந்தியது. கடையில் முறையிட்டபோது, இதைவிட விலை கூடிய மாடல் வாங்கினால் சரியாகும் என்றார்களாம். "தம்பி, நீதான் பி.எஸ்ஸி. படிக்கிறியே, இத கொஞ்சம் பாரேன்" என்று என்னை அழைத்தார். கடை ஆள் வந்து மாட்டியது புளூடூத்தில். சில நூறு ரூபாய்க் கம்பியும் கன்சோலில் ஒரு மாற்றமும் போதுமானதாயின. இல்லையேல் மீண்டும் ஒரு தவணை அவர் தலையில் ஏறியிருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் படிக்கும் பிள்ளை தெருவில் இருப்பதால் ஒரு வீடு தப்பியது. அப்படி ஒரு பிள்ளை இல்லாத தெருக்கள் எத்தனை?

குளிர்பதனப் பெட்டி எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை நட்சத்திரமிட்டுக் காட்டும் முறை 2006-இல் நம் நாட்டில் வந்தது. எழுத்தறியாதவரும் இன்று நட்சத்திரம் எண்ணி வாங்குகிறார். அதேபோல் ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும், ஒவ்வொரு சவுண்ட்பாரின் மேலும் "தாமதம்: இத்தனை மில்லி வினாடி" என்று அச்சிடச் சட்டம் வேண்டும். கூடவரும் கையேட்டில் தமிழும் வேண்டும். இணைப்பது எப்படி என்று நான்கு படங்கள் போட்டால் ஒரு தாள்கூட ஆகாது.

அரசு அதைச் செய்யும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. நம் ஆய்வுக்கூடத்தில் ஒத்ததிர்வுக் குழாயில் ஒலியின் வேகத்தைக் காண்கிறோம், பதிவேட்டில் எழுதுகிறோம், தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். அதன் பக்கத்திலேயே ஒரு தொலைக்காட்சி, ஒரு சவுண்ட்பார், ஒரு கைப்பேசி வைத்து, தாமதத்தை அளந்து திருத்துவதை ஒரு செய்முறைப் பாடமாக்கினால் என்ன? ஆண்டுதோறும் இத்துறையை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு வீட்டுக்கேனும் வீண் தவணையைத் தடுப்பார்கள். துறைத்தலைவர் அவர்கள் இதனை வரும் பருவத்திலேயே பரிசீலிக்க வேண்டுமென மாணவர் சார்பில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.