சாவி வந்தாச்சு... ஆர்.சி-யில் பேர் மாறிடுச்சா?

பாகூர் பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவதற்கு ஒரு சடங்கே இருக்கிறது. தெரிந்த மெக்கானிக்கை பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர் பானட்டைத் திறந்து பார்த்து, கிருமாம்பாக்கம் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "வண்டி சூப்பரா இருக்குண்ணா" என்றதும் பணம் கைமாறும். விற்பவர் 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். "பேரை அப்புறம் மாத்திக்கலாம்."

அந்த 'அப்புறம்'தான் வம்பு. இன்ஜினுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நம்ம ஆட்கள் ஆர்.சி-க்குக் கொடுப்பதில்லை.

கையெழுத்துப் போட்ட படிவம் பீரோவில் தூங்கினால் எந்தப் பயனும் கிடையாது. ஆர்.சி-யில் யார் பேரோ, அவர்தான் சட்டப்படி உரிமையாளர். 'நவீன் குமார் எதிர் விஜய் குமார்' வழக்கில் 2018 பிப்ரவரி 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. 2007-ல் விற்கப்பட்ட கார் அடுத்தடுத்துக் கைமாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. அப்போதும் ஆர்.சி-யில் முதல் ஆளின் பேரே இருந்ததால், இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. வண்டியை விற்று ரெண்டு வருஷம் ஆன மனிதர்!

வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வண்டியோடு சேர்ந்து வந்துவிடும். ஆனால், உங்கள் காருக்கே சேதம் என்றால், பாலிசி பழைய ஓனர் பேரில் இருக்கும்போது க்ளெய்ம் கிடைப்பது ரொம்பக் கஷ்டம். பாலிசியை மாற்ற 14 நாள்தான் அவகாசம். ஆர்.சி பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இதற்கு மேல் ஒரு சிக்கல். புதுச்சேரி மண் தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. பாகூர்க்காரருக்குக் கடலூர் பக்கத்து ஊர் மாதிரிதான், ஆர்.டி.ஓ ஆபீஸுக்கோ அது வேறு மாநிலம். டி.என். 31 வண்டியை வாங்கி இங்கே பேர் மாற்ற, கடலூரிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், அதுதான் 28-ம் எண் படிவம். வரியும் இங்கே தனியாகக் கட்ட வேண்டும். கடலூரில் விலை குறைவு என்று குஷியாவதற்கு முன் இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பி.ஒய். நம்பர் என்றால் உள்ளூர் வண்டி என்றும் நம்பிவிட முடியாது. வரி குறைவு என்பதற்காக இங்கே பதிவான வெளியூர் வண்டிகள் நிறைய. மலையாள நடிகர்கள் சிலரின் சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவான விவகாரம் 2017-ல் கேரளத்தில் பெரிய சர்ச்சையானது. ஆர்.சி-யில் உள்ள முகவரியில் விற்பவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று ஒரு நடை போய்ப் பார்க்கலாம். லோன் பாக்கியும் அபராத சலானும் எம்-பரிவாகன் செயலியில் தெரிந்துவிடும். லோன் முடிந்த வண்டி என்றால், பேங்கின் என்.ஓ.சி-யும் 35-ம் எண் படிவமும் கையில் வராமல் அட்வான்ஸ்கூட வேண்டாம்.

அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்தால், அதை முறையாகத் தெரிவித்த நாளிலிருந்து பொறுப்பு டீலருடையது என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது. வீட்டுக்கு வீடு விற்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். பேசிய விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆர்.சி-யில் பேர் மாறியதும் கொடுப்பது நல்ல வழி. இதை ரெண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கிராமத்தில் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். விற்பவர் மாமாவாகவோ பங்காளியாகவோ இருப்பார். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், அந்த 2009 விபத்துக் கதையைச் சொல்லிவிட்டு, "இது உங்களுக்காகவும்தான் மாமா" என்றால் போதும்.