தராசு பிடிக்கும் கை நடுங்க வேண்டும்!

வியாபாரச் சகோதரர்களே! சமுதாயத்தின் இளைஞர்களே!

உங்களில் பலர் கடை வைத்திருப்பவர்கள். அல்லது கடையில் நிற்பவர்கள். தராசைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தட்டின் அடியில் புளியை ஒட்டுவது, எடைக்கல்லைக் குடைவது, முள் நிற்பதற்கு முன்பே பொருளைப் பையில் கொட்டுவது என்று தராசில் எத்தனை மோசடிகள் உண்டோ அத்தனையும் உங்களுக்குத் தெரியும். அதைச் செய்பவனை நீங்கள் வியாபாரியாகவே மதிப்பதில்லை. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே, அவர்கள் பெயராலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 83வது அத்தியாயமான அல்முதஃப்ஃபிஃபீன்தான் அது. தான் வாங்கும்போது ஓர் அளவும், பிறருக்குக் கொடுக்கும்போது வேறோர் அளவும் வைத்திருப்பவனை அது கடுமையாக எச்சரிக்கிறது.

சரி, அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும்தானா தராசு? மனிதனையே எடை போடுகிறோமே! அவனுடைய திறமையை, ஈமானை, தேசபக்தியை எடை போடுகிறோமே! அந்தத் தராசில் புளி ஒட்டியிருக்கிறதா என்று என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறோமா?

இந்தக் கேள்வியை எழுப்புவது ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி என்றால் ஆச்சரியப்படுவீர்கள். தொடர்ந்து படியுங்கள்.

பாட்டு இரண்டு நிமிடம், தீர்ப்பு ஐந்து நிமிடம்

2001ல் பிரிட்டனில் 'பாப் ஐடல்' என்ற போட்டி தொடங்கியது. மறு ஆண்டே அமெரிக்காவுக்குப் போனது. 2004ல் 'இந்தியன் ஐடல்' என்ற பெயரில் நம் நாட்டுக்கு வந்தது. பிறகு தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று எல்லா மொழிகளிலும் அதே பாணியில் நிகழ்ச்சிகள் பெருகின. கவனித்துப் பாருங்கள். பிள்ளை பாடுவது இரண்டு நிமிடம். நடுவர்கள் பேசுவது ஐந்து நிமிடம். ஒருவர் கண்ணீர் விடுகிறார். ஒருவர் எழுந்து நின்று கை தட்டுகிறார். ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார். பாடிய பிள்ளையின் உதடு நடுங்குவதைக் கேமரா விடாமல் காட்டுகிறது. அங்கே விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கு பாட்டு அல்ல, தீர்ப்புதான்!

இசை மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்பதற்கு இந்தக் கட்டுரை ஃபத்வா சொல்ல வரவில்லை. அதில் உலமாக்களிடையே நெடுங்காலமாக விவாதம் உண்டு. நீங்கள் மதிக்கும் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நாம் பேச வந்தது தீர்ப்பைப் பற்றி.

ஒரு பெண், இரண்டு தராசுகள்

2017 மார்ச் மாதம். கன்னடத் தொலைக்காட்சி ஒன்றின் 'சரிகமப' போட்டி மேடையில், ஷிமோகா மாவட்டத்தைச் சேர்ந்த சுஹானா சையத் என்ற இளம்பெண் ஹிஜாப் அணிந்து வந்து, இந்து பக்திப் பாடல் ஒன்றைப் பாடினார்.

நடுவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள்? குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். அது நடுவரின் வேலை. ஆனால் தீர்ப்பு அத்தோடு நிற்கவில்லை. இந்தப் பாடலைப் பாடியதால் ஒற்றுமையின் சின்னமாகிவிட்டாய் என்றும் பாராட்டு வந்தது. சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அதே மேடையில் வேறு பிள்ளைகள் பாடியபோது சுருதி, தாளம், உச்சரிப்பு ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண். ஒரு முஸ்லிம் பெண் பாடும்போது மட்டும் தேச ஒற்றுமைக்கும் ஒரு மதிப்பெண்ணா? அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பெண் போட்டிக்குக் கொண்டு வந்தது தன் குரலை. எடை போடப்பட்டது அவளுடைய தலைத்துணி.

'தி வாய்ஸ்' என்று இன்னொரு போட்டி உண்டு. 2010ல் ஹாலந்தில் தொடங்கி, 2015ல் இந்தியாவுக்கும் வந்தது. அதன் முதல் சுற்றில் நடுவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். பாடுபவரின் முகம் தெரியாது. குரல் பிடித்தால்தான் நாற்காலி திரும்பும். அதுவும் வியாபாரத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சுஹானா பாடியபோது நாற்காலிகள் திரும்பியிருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும்? குரலைப் பற்றிய தீர்ப்பு மட்டும்தான்.

இந்தப் பாராட்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே கர்நாடகத்தில், ஐந்தே ஆண்டுகள் கழித்து, ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்பறை வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். உடுப்பியில் தொடங்கிய அந்தப் பிரச்சினையில் 2022 பிப்ரவரி 5ல் அரசாணை வந்தது. மார்ச் 15ல் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை உறுதி செய்தது. அக்டோபர் 13ல் உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மேடையில் பிறர் விரும்பும் பாட்டைப் பாடும்போது ஹிஜாப் ஒற்றுமையின் சின்னம். வகுப்பில் உட்கார்ந்து கணக்கும் விஞ்ஞானமும் படிக்கும்போது அதே ஹிஜாப் ஒழுங்குக்கு ஊறு! துணி ஒன்றுதான். எடைக்கல் மட்டும் மாறிவிட்டது.

இதுவரை படித்துத் தலையாட்டியிருப்பீர்கள். இனிமேல்தான் கசப்பு.

நம் தராசு எப்படி இருந்தது?

சுஹானா பாடிய பிறகு நம் பெயரால் ஒரு முகநூல் பக்கத்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அந்நிய ஆண்கள் முன் பாடிச் சமுதாயத்துக்குக் களங்கம் ஏற்படுத்திவிட்டாள் என்று அவர்மீது குற்றச்சாட்டு. அவருடைய பெற்றோர் சுவர்க்கம் போக மாட்டார்கள் என்று அறிவிப்பு. பர்தாவை மதிக்கத் தெரியாதவள் அதைக் கழற்றிவிடட்டும் என்று உத்தரவு!

அந்தப் பாடலின் கருத்து நம் ஏகத்துவக் கொள்கைக்கு ஒத்து வராது என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதை எடுத்துச் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. ஆனால் சுவர்க்கத்தின் சாவியை இவர்கள் கையில் கொடுத்தது யார்? ஒரு பெண்ணின் தாய் தகப்பனை நரகத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை முகநூல் கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு எந்த மத்ஹபு வழங்கியது?

மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரை நபித்தோழர் ஒருவர் சபித்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. தவறைத் தவறு என்றார்கள், தண்டனையும் கொடுத்தார்கள், ஆனால் மனிதனைத் தூக்கி எறியவில்லை. கோபத்தோடு இருக்கும் நீதிபதி தீர்ப்பு வழங்கக் கூடாது என்று தடுத்ததும் அதே நபிதான். நம் இளைஞர்களின் கைப்பேசியில் கோபம் தணிந்த பிறகு எழுதப்பட்ட தீர்ப்பு எத்தனை? எண்ணிப் பாருங்கள்.

மீடியாவின் தராசு

அதே 2017 மார்ச் மாதத்தில் அஸ்ஸாமிலும் ஒன்று நடந்தது. 2015ல் 'இந்தியன் ஐடல் ஜூனியர்' போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற நாஹித் ஆஃப்ரின் என்ற சிறுமி, ஹோஜாய் மாவட்டம் லங்காவில் மார்ச் 25 அன்று பாடவிருந்தார். மஸ்ஜிதும் மதரஸாவும் கப்ருஸ்தானும் உள்ள பகுதிக்கு அருகே இசை நிகழ்ச்சி வேண்டாம் என்று 46 பேரின் பெயர்களோடு ஒரு துண்டுப் பிரசுரம் வெளியானது. மறுகணமே நாடு முழுவதும் தலைப்புச் செய்தி: "46 மதகுருமார்கள் சிறுமிக்கு எதிராக ஃபத்வா!"

பிறகு பிரசுரத்தைப் படித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள், அதில் சிறுமியின் பெயரே இல்லை, ஃபத்வா என்ற வார்த்தையும் இல்லை. முதலில் வந்தது எட்டுப் பத்தித் தலைப்பு. திருத்தமோ மூலையில் நான்கு வரி. பொருளைத் தட்டில் வைக்காமலேயே விலை சொன்ன வியாபாரி போல நடந்து கொண்டது மீடியா. அதைக் கண்டிப்போம், கண்டித்தும் ஆக வேண்டும். அதே நேரத்தில் ஒரு பள்ளிச் சிறுமி பாடவிருக்கும் நேரத்தில் வெளியான பிரசுரம் அவள் மனத்தில் எவ்வளவு பயத்தை உண்டாக்கும் என்று எழுதியவர்களும் யோசித்திருக்க வேண்டாமா?

மக்கள் தீர்ப்பு என்னும் மாயை

"நடுவர்களை விடுங்கள், மக்கள் ஓட்டுத்தானே முடிவு செய்கிறது" என்பீர்கள். 2005ல் 'ஃபேம் குருகுல்' போட்டியில் ஸ்ரீநகரைச் சேர்ந்த காஜி தௌகீர் வெற்றி பெற்ற இருவரில் ஒருவரானார். அவருடைய பாட்டில் நடுவர்கள் திரும்பத் திரும்பக் குறை கண்டார்கள். ஓட்டு அவரைக் கரை சேர்த்தது. 'நம்ம பையன்' என்று நம்மில் பலர் மகிழ்ந்தோம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அவரைவிட நன்றாகப் பாடித் தோற்ற பிள்ளைக்கு அன்றைக்கு நியாயம் கிடைத்ததா? 2007 'இந்தியன் ஐடல்' போட்டியில் டார்ஜிலிங் ஒரு பக்கம், ஷில்லாங் மறுபக்கம் என்று ஊர்களே மோதிக் கொண்டன. வென்றவரைப் பற்றி ஒரு வானொலி அறிவிப்பாளர் இழிவாகப் பேச, சிலிகுரி வீதிகளில் கலவரம் மூண்டது. தென்கொரியாவிலோ இன்னும் மோசம். 'புரொட்யூஸ்' என்ற போட்டியின் தயாரிப்பாளர்கள் மக்கள் போட்ட ஓட்டு எண்ணிக்கையையே மாற்றி வெளியிட்டதாக நிரூபணமாகி, 2020ல் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

வியாபாரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? தராசும் கல்லும் கல்லாப்பெட்டியும் ஒருவனிடமே இருந்தால் எடை எந்தப் பக்கம் சாயும்?

அண்ணலார் நடத்திய தேர்வு

ஹுனைன் போர் முடிந்து திரும்பும் வழியில் பாங்கு சொல்லப்பட்டது. அப்போது மக்காவைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் அதைக் கேலி செய்து, அதே மாதிரி கத்திக் காட்டினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்களை அழைத்து வரச் சொன்னார்கள். பயந்து கொண்டே வந்த அவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பாங்கு சொல்ல வைத்துக் கேட்டார்கள். கடைசியாகச் சொன்னவர் அபூமஹ்தூரா. அந்தக் குரலைக் கேட்டதும் அருகில் உட்கார வைத்து, நெற்றி முடியைத் தடவி, பரக்கத்துக்காக துஆ செய்து, மக்காவின் புனிதப் பள்ளியில் பாங்கு சொல்ல அவரையே நியமித்தார்கள்!

சற்று முன்பு வரை கேலி செய்தவர் அவர். நம்மில் ஒருவர் நடுவராக இருந்திருந்தால் அவரை என்ன செய்திருப்போம்? நபியவர்கள் தனித்தனியாகக் கேட்டார்கள். குரலைக் குரலாக மட்டும் எடை போட்டார்கள். அவமானத்தோடு வந்தவரைக் கண்ணியத்தோடு அனுப்பினார்கள். பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஜைத் (ரலி). ஆனாலும் பாங்கு சொல்லும் பொறுப்பு, குரல் வளம் மிக்கவர் என்பதற்காக, முன்னாள் அடிமையான பிலால் (ரலி) அவர்களுக்குத்தான் கிடைத்தது. குலம் பார்க்கப்படவில்லை, நிறமும் பார்க்கப்படவில்லை.

முதலில் நம் ஊர் மேடை

தொலைக்காட்சி நடுவர்களை நாம் திருத்த முடியாது. நம் ஊர் நடுவர்களைத் திருத்தலாமே! மீலாது விழாவிலும் மதரஸா ஆண்டு விழாவிலும் கிராஅத் போட்டி, பேச்சுப் போட்டி நடத்துகிறோம். முதல் பரிசு யாருக்கு? எத்தனை ஊர்களில் நன்கொடை கொடுத்தவரின் பேரனுக்கு, முத்தவல்லியின் மருமகனுக்கு? தகரக் கொட்டகையில் குடியிருப்பவரின் மகன் மக்ரஜ் பிசகாமல் ஓதிவிட்டு, ஆறுதல் பரிசான டிபன் பாக்ஸோடு வீட்டுக்குப் போவதை நாம் பார்த்ததில்லையா? அன்றிரவு அந்தப் பிள்ளை கற்றுக் கொள்ளும் பாடம் எது? நம் தராசும் பொய் என்பதுதான்!

1961 முதல் மலேசியாவில் நடந்து வரும் சர்வதேச குர்ஆன் ஓதும் போட்டியைப் பாருங்கள். தஜ்வீது, இராகம், உச்சரிப்புத் தெளிவு, குரல் என்று தனித்தனியாக மதிப்பெண். அதில் இராகத்தைவிட, குரலைவிட, தஜ்வீதுக்கே முதலிடம். எதற்கு எவ்வளவு என்று ஓதுபவருக்கு முன்கூட்டியே தெரியும். நாமும் செய்யலாம்:

1. போட்டியாளருக்குப் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். ஓதுபவர் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

2. உறவினர் போட்டியிட்டால் நடுவர் அந்தப் பிரிவிலிருந்து விலகிக் கொள்ள வேண்டும்.

3. மதிப்பெண்ணைத் தாளில் எழுதி, கையெழுத்திட்டு, விழா முடிந்ததும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

4. தவறைப் பிள்ளையிடம் தனியாகச் சொல்லித் திருத்த வேண்டும். ஒலிபெருக்கியில் அல்ல.

5. பரிசுக்குப் பணம் தரும் வியாபாரச் சகோதரர்கள் தங்கள் பிள்ளையைப் பரிசுப் பட்டியலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். அவன் ஓதட்டும், பரிசு வேறு பிள்ளைக்குப் போகட்டும்.

இளைஞர்களே! ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது இறைக்கட்டளை. விருப்பமும் அப்படித்தான் பிறழச் செய்யும். அடுத்த முறை ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதக் கை துடிக்கும்போது, அது தராசுத் தட்டு என்று நினைத்துக் கொள்ளுங்கள். முள் நிற்கும் வரை காத்திருங்கள்.

நாளை மறுமையில் ஒரு தராசு நிறுத்தப்படும். அதன் தட்டில் புளி ஒட்ட முடியாது, ஓட்டு வாங்கியும் அதைச் சாய்க்க முடியாது. அங்கே நம் தட்டு கனமாக வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.