அடுத்த கெடா யார்?

ஓல்ட் டிராஃபோர்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கெடா வெட்டு நடக்கிறது. பூசாரி மாறுவதில்லை, அரிவாள் மாறுவதில்லை, கெடா மட்டும் மாறுகிறது. உறுமி அடிக்கிற வேலை நம்முடையது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களாகிய நாம் அதைச் சம்பளமே இல்லாமல் பிரமாதமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

கணக்குப் பார்ப்போம். அலெக்ஸ் ஃபெர்குசன் 2013 மே மாதம் ஓய்வு பெற்றார். அதிலிருந்து 2024 நவம்பர் வரை ஆறு பேரை மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்: மோய்ஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம். நடுவில் ஒப்புக்குச் சப்பாணியாக வந்துபோன இடைக்கால மேனேஜர்கள் தனி. ஒவ்வொருவர் வரும்போதும் "இவர்தான்டா ஆளு" என்றோம். ஒவ்வொருவர் போகும்போதும் "இவனை அப்பவே அனுப்பியிருக்கணும்" என்றோம். வான் காலை 2016இல் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்த இரண்டாவது நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். கோப்பையில் ஈரம்கூடக் காயவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். "மேனேஜரை மாற்று" என்ற கூச்சல் கிளப்பின் உரிமையாளருக்கு நாம் செய்யும் இலவச ஊழியம். அது கலகம் மாதிரித் தெரியும், ஆனால் கலகம் இல்லை. ஒரு கிளப்பில் மாற்றுவதற்கு மிகச் சுலபமான, மிக மலிவான உறுப்பு மேனேஜர்தான். அவரை மாற்றினால் ஆறு மாதம் யாரும் வேறெதையும் கேட்கமாட்டார்கள். இது உரிமையாளருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

முதல் கெடாவின் கதையை எடுத்துக்கொள்வோம். 2012-13இல் 11 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியனான அணி அடுத்த ஆண்டே ஏழாவது இடம். மோய்ஸுக்குக் கொடுத்தது ஆறு வருட ஒப்பந்தம், அவர் இருந்தது பத்து மாதம். "மோய்ஸ் சின்ன கிளப் ஆளு, இதைத் தாங்கமாட்டார்" என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் நம் தீர்ப்பு. ஆனால் அந்தக் கோடையில் வெளியேறியது ஃபெர்குசன் மட்டுமில்லை. தலைமை நிர்வாகி டேவிட் கில் போனார். உதவி மேனேஜர் மைக் ஃபெலன் போனார். தினசரிப் பயிற்சியை வடிவமைத்த ரெனே மியூலன்ஸ்டீன் போனார். டி ஹேயாவைத் தேற்றி எடுத்த கோல்கீப்பிங் கோச் எரிக் ஸ்டீல் போனார். எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மோய்ஸ் வந்தார். கில்லின் இடத்தில் வங்கித் தொழிலிலிருந்து வந்த எட் வுட்வர்ட் உட்கார்ந்தார். ஒரே கோடையில் கிளப்பின் ஞாபகம் மொத்தமும் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பயிற்சி எப்படி நடக்கும், எந்த வீரரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும், எந்த ஏஜெண்டை நம்பக்கூடாது என்பதெல்லாம் ஆட்களின் தலைக்குள் இருந்த விஷயம். அதை எந்தக் கோப்பிலும் எழுதிவைக்கவில்லை.

அன்றைக்கு நாம் எதைப் பற்றிச் சண்டை போட்டோம்? ஃபெல்லைனியின் தலைமுடியைப் பற்றி.

சினிமாவில் நமக்கு இருக்கிற அதே வியாதிதான் இது. படம் ஓடினால் ஹீரோ, ஓடாவிட்டால் டைரக்டர். எடிட்டர் யார், அசோசியேட் யார் என்று எவனுக்கும் கவலை கிடையாது. தலைவன் ஒருவன் வருவான், வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைச் சாப்பிட்டு வளர்ந்த கூட்டம் நாம். அதையே நள்ளிரவு 12.30 மணி ஆட்டத்துக்கும் கண்விழித்துக் கொண்டுபோகிறோம்.

இங்கே பொறுமைக் கட்சிக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். "ஃபெர்குசனுக்கே 1989 டிசம்பரில் போகச் சொல்லி ஓல்ட் டிராஃபோர்டில் பேனர் பிடித்தார்கள் தம்பி. பொறுத்தார்கள், ஜெயித்தார்கள்." இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டுவிட்டேன். இதுவும் அதே தலைவன் கதைதான், கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். 1986 நவம்பரில் வந்த ஃபெர்குசன் 1990இல் முதல் கோப்பையை வாங்குவதற்கு முன்பே இளைஞர் அணியையும் ஆள்தேடும் ஏற்பாட்டையும் அடியிலிருந்து கட்ட ஆரம்பித்திருந்தார். 1992இல் இளைஞர் கோப்பையை வென்ற பெக்காம், கேரி நெவில், பட் ஆகியோரைத் தேய்த்து உருவாக்கியவர் எரிக் ஹாரிசன். அவர் ஃபெர்குசனுக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்தவர். புது மேனேஜர் வந்ததும் "பழைய ஆள் எல்லாம் வெளியே" என்று ஃபெர்குசன் சொல்லியிருந்தால் நமக்கு அந்தத் தலைமுறையே இருந்திருக்குமா? ஆகவே சும்மா பொறுத்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது. பொறுத்திருந்த காலத்தில் கீழே என்ன கட்டினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

மாறாக, யுனைடெட் கட்டியது ஒரு பழைய இரும்புக் கடை. ஒவ்வொரு மேனேஜரும் தன் ஆட்டத்துக்கு வேண்டிய ஆட்களை வாங்கினார், அடுத்தவருக்கு அவர்கள் வேண்டாம். வான் கால் ஏறத்தாழ 60 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய டி மரியா ஒரே வருடத்தில் பாரிஸுக்குப் போனார். அவர் வாங்கிய ஷ்வைன்ஸ்டைகரை மொரின்யோ முதல் அணியோடு பயிற்சி செய்யவே விடவில்லை. 2012இல் இலவசமாக விட்ட போக்பாவை 2016இல் 89 மில்லியன் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள், அன்றைய உலக சாதனை விலை அது. சோல்ஷேர் காலத்தில் வந்த சாஞ்சோவுக்கும் டென் ஹாக்குக்கும் ஆகவில்லை. டென் ஹாக்குக்காக வாங்கிய ஆண்டனிக்கு அமோரிமின் 3-4-3இல் இடமே இல்லை. வாங்கியவர்கள் எல்லாம் மோசமான ஆட்டக்காரர்களா? கிடையாது. ஐந்து சமையல்காரர்களுக்கு வாங்கிய சாமானை ஒரே சட்டியில் கொட்டினால் என்ன வருமோ அதுதான் வந்தது. 2024-25இல் பதினைந்தாவது இடம்.

இதைத் தெளிவாகச் சொன்ன ஒரு மனிதர் இருந்தார். இடைக்கால மேனேஜராக வந்த ரால்ஃப் ராங்னிக், 2022இல் இந்தக் கிளப்புக்கு மேல்பூச்சு போதாது, இதய அறுவை சிகிச்சையே வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாம் அவரை மீமாக்கிச் சிரித்தோம். கிளப்போ அவரோடு பேசிவைத்திருந்த ஆலோசகர் பொறுப்பையும் நடக்கவிடாமல் வழியனுப்பியது.

பங்கு வாங்கி வந்த ஜிம் ராட்கிளிஃபின் நிர்வாகம் செய்ததையும் பாருங்கள். 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அவருடைய பழைய உதவியாளர்களுக்குப் பதில் வான் நிஸ்டல்ரூயும் ரெனே ஹாக்கேயும் வந்தார்கள். அக்டோபரில் டென் ஹாக்கை நீக்கினார்கள். நவம்பரில் அமோரிம் தன் ஐந்து உதவியாளர்களோடு வந்ததும் அந்த இருவரும் வெளியே. ஐந்து மாதத்துக்குள் ஒரே வீரர்களுக்கு மூன்று விதமான கோச்சிங் ஸ்டாஃப். ஜூலையில் சேர்ந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் டிசம்பரில் போய்விட்டார். டென் ஹாக், அவரது உதவியாளர்கள், ஆஷ்வொர்த் இவர்களை அனுப்பிய செலவு மட்டும் 14.5 மில்லியன் பவுண்ட். அதே ஆண்டு செலவைக் குறைக்கிறோம் என்று சுமார் 250 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். டிக்கெட்டுக்கு 66 பவுண்ட், சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை கிடையாது என்றார்கள். அந்த 250 பேருக்காக எந்த ஹேஷ்டேக்கையும் நாம் டிரெண்ட் ஆக்கவில்லை. நம்ம டைம்லைன் முழுக்க "அமோரிம் 3-4-3ஐ விட்டு வெளியே வருவாரா" என்பதுதான் ஓடியது.

லிவர்பூலைச் சொன்னால் என் கட்சிக்காரர்களுக்கு எரியும். பரவாயில்லை, எரியட்டும். 2024இல் கிளாப் போனார். லைண்டர்ஸ் உட்பட அவருடைய உதவியாளர்களும் போனார்கள். "அப்போ அங்கேயும் எல்லாரும் போனாங்கதானே?" என்று கேட்பீர்கள். போனார்கள். ஆனால் ஆள்தேடுகிறவர்களும் தரவு பார்க்கிறவர்களும் இருந்த ஏற்பாடு அப்படியே நின்றது. கிளப்பை முன்பு கட்டிய மைக்கேல் எட்வர்ட்ஸ் திரும்பி வந்திருந்தார். இருக்கிற அணிக்கு எந்தக் கோச் பொருந்துவார் என்று பார்த்து ஸ்லாட்டை எடுத்தார்கள். சுபிமெண்டி வர மறுத்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள், "வேற ஆளை வாங்கு" என்று கத்தினார்கள். கிளப் வாங்கவில்லை. ஏற்கெனவே இருந்த கிராவன்பெர்க்கை அந்த இடத்தில் ஆடவைத்தார்கள். முதல் அணிக்கு அந்தக் கோடையில் வந்த ஒரே ஆள் கியேசா, அவர் லீக்கில் ஆடியதும் சொற்ப நிமிடங்கள்தான். 2025 ஏப்ரலில் லீக் பட்டம். அடுத்த கோடையில் கோடிகளைக் கொட்டி ஆட்களை வாங்கி, நவம்பரில் தோல்விகள் வரிசைகட்டியதும் அதே ஸ்லாட்டுக்கு எதிராகவும் "அவுட்" கிளம்பிவிட்டது. உறுமி எல்லா ஊரிலும் தயாராகத்தான் இருக்கிறது.

செல்சியை எடுத்துக் காட்டுவார்கள். 2021 ஜனவரியில் லாம்பார்டை நீக்கினார்கள், டூகல் வந்தார், மே மாதம் சாம்பியன்ஸ் லீக். உண்மைதான். சில சமயம் மேனேஜரை நீக்கத்தான் வேண்டும், யாரையும் தொடாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே டூகலைப் புது உரிமையாளர்கள் 2022 செப்டம்பரில் தூக்கி எறிந்தார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கும் காப்பு கிடையாது. முடிவெடுக்கும் கை யாருடையது என்பதுதான் கேள்வி.

யுனைடெட்டில் அந்தக் கை யாருடையது? 2005இல் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது அதற்கான கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. அதுவரை கடனே இல்லாமல் இருந்த கிளப் அன்றிலிருந்து வட்டியாக மட்டும் பல நூறு மில்லியன் பவுண்ட் கட்டியிருக்கிறது. 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டம் முடிந்த மழையில் ஓல்ட் டிராஃபோர்டின் கூரை அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது. அந்த ஓட்டையை எந்த மேனேஜர் போட்டார்?

ரசிகர்களால் என்ன கிழிக்க முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள். 2021 ஏப்ரலில் சூப்பர் லீக் அறிவிப்பு வந்தபோது இங்கிலாந்தின் ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கில கிளப்புகளும் பின்வாங்கின. மே 2ஆம் தேதி யுனைடெட் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கி லிவர்பூல் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வைத்தார்கள். அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த அட்டைகளில் சோல்ஷேரின் பெயர் இல்லை, கிளேசர் பெயர்தான் இருந்தது. அதனால்தான் உரிமையாளர்கள் பயந்தார்கள்.

அடுத்த மேனேஜர் வருவார். விமான நிலையப் படம் வரும், சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் வரும். அவர் 4-3-3 ஆடுவாரா 3-4-3 ஆடுவாரா என்று பேசுவதற்கு முன்னால் நான்கு கேள்வி கேளுங்கள். இவரைத் தேர்ந்தெடுத்தது யார், அவர் அடுத்த வருடமும் அந்தப் பதவியில் இருப்பாரா? பழைய கோச்சிங் ஸ்டாஃபில் எத்தனை பேரை வைத்துக்கொண்டீர்கள்? இருக்கிற ஸ்குவாடில் எத்தனை பேர் இவருடைய ஆட்டத்துக்குப் பொருந்துவார்கள்? இந்த வருடம் வட்டி எவ்வளவு? பதில் வரும்வரை உறுமியைக் கீழே வையுங்கள்.