தயிருக்கு டம்ளரா, தராசா?

பாலை மில்லியில் வாங்குகிறோம், தயிரைக் கிராமில் வாங்குகிறோம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: பால் 500 மி.லி., தயிர் 500 கிராம் என்றிருக்கும். சமையல் குறிப்பிலோ 'ஒரு கப் தயிர்'. நம் கையில் இருப்பதோ டம்ளரும் கரண்டியும்தான்!

எதிர் வீட்டுப் பெண்ணின் மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. "அக்கா, மத்தியானத்துக்கு 100 கிராம் தயிர்னு சீட்டுல எழுதியிருக்காங்க. இதுக்குன்னு தராசு வாங்கணுமா? கூடக்குறைய ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்று கேட்டாள். தராசு வேண்டாம். தயிர் விஷயத்தில் மில்லியும் கிராமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பாலில் சர்க்கரைச் சத்து, புரதம், உப்புக்கள் எல்லாம் இருப்பதால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம். லிட்டருக்குச் சுமார் 1,030 கிராம். லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பது இந்தக் கனத்தைத்தான். பால் உறைந்தால் கெட்டியாகுமே தவிர, எடை கூடாது. ஆகவே தயிருக்கும் அதே கணக்குத்தான்.

* 200 மி.லி. டம்ளர் நிறைய: சுமார் 205 கிராம்
* அதில் சரிபாதி: சுமார் 100 கிராம்
* கேக் குறிப்புகளில் வரும் 240 மி.லி. கப்: சுமார் 245 கிராம்
* 15 மி.லி. மேஜைக் கரண்டி, தலைதட்டி: சுமார் 15 கிராம்
* 500 கிராம் தயிர் பாக்கெட்: சுமார் 485 மி.லி.

இதை மாவுக்குப் போட்டுவிடாதீர்கள். அதே 240 மி.லி. கப்பில் மைதா 120, 130 கிராம்தான் பிடிக்கும்.

சரி, உங்கள் வீட்டு டம்ளர் எத்தனை மில்லி? எவர்சில்வரில் 150-ம் உண்டு, 250-ம் உண்டு. அரை லிட்டர் பால் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிப் பாருங்கள். இரண்டரை டம்ளர் வந்தால் 200 மில்லி. இரண்டே டம்ளர் என்றால் 250.

பாதி டம்ளர் என்று கண்ணால் மட்டம் பார்க்காதீர்கள். நம் டம்ளர்கள் அடி குறுகி வாய் அகன்றவை. பாதி உயரம் பாதி அளவாகாது. ஒரு டம்ளர் தண்ணீரை, ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் சமமாகப் பங்கிட்டால் சரியான மட்டம் தெரிந்துவிடும். தயிரையும் கட்டி கட்டியாக அள்ளிப் போட்டால் நடுவே காற்று நிற்கும். கரண்டியால் மெல்லக் கலக்கிவிட்டு அளக்க வேண்டும். நுரைக்கக் கடைந்தால் அளவு ஏமாற்றும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அது எந்தத் தயிர் என்பது. துணியில் கட்டித் தொங்கவிட்டால் பாதி எடை வரைகூட நீராக இறங்கிவிடும். அந்தக் கெட்டித் தயிர் 100 கிராம் என்றால், சாதாரணத் தயிர் 200 கிராமிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்ட மோரோ, 100 கிராம் எடை நின்றாலும் தயிர் என்னவோ 25 கிராம்தான். சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், மோரும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே 'எந்தத் தயிர், எந்தப் பதம்?' என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு டம்ளரில் அந்த மட்டத்தில் ஆணியால் கோடு கீறி, அவருக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும், யார் பரிமாறினாலும் அளவு மாறாது.