விடுப்பின் நாளைக் குறிப்பது யார்?

டிசம்பர் இறுதி வாரத்தில் அலுவலகத்தை மூடிவிட்டு, அந்நாள்களை ஊழியர்களின் ஈட்டிய விடுப்பிலிருந்து கழித்துக்கொள்ளும் வழக்கம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சிலவற்றில் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஓய்வெடுக்கிறார். ஆகவே சென்னை ஊழியரும் ஓய்வெடுத்தாக வேண்டும். பொங்கலுக்கென அவர் சேர்த்துவைத்த நாள்கள் அதில் கரைந்துபோகின்றன.

தங்கையின் திருமணத்துக்கு எடுக்கும் ஒரு நாளும், ஆலையில் வேலை இல்லாததால் வீட்டில் இருக்கும் ஒரு நாளும் சம்பளப் பட்டியலில் சமம், தொழிலாளிக்குச் சமமல்ல. வேலை இல்லாத நாளின் இழப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. அதனை விடுப்புக் கணக்கில் எழுதுவது, வணிக இடரைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவதாகும்.

பிரிட்டன் இதில் ஒளிவுமறைவின்றி நடந்துகொள்கிறது. 1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிகளின்படி, விடுப்பு நாளை வேலையளிப்பவரே குறிக்கலாம். ஆனால் விடுப்பின் அளவைப்போல் இரு மடங்கு கால முன்னறிவிப்பு தர வேண்டும். 5 நாள் விடுப்பெனில் 10 நாள். கெடுபிடிதான், எனினும் குடும்பம் திட்டமிட இயலுகிறது.

நமது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வேறு வழி கண்டது. 15 நாள்களுக்கு முன் எழுத்து மூலம் விண்ணப்பித்தால், தொழிலாளர் பிரதிநிதிகளுடன் உடன்பட்டு வகுத்த திட்டத்தின்படியன்றி விடுப்பை மறுக்கலாகாது என்றது 79ஆவது பிரிவு. எத்தனை ஆலைகள் அத்தகைய திட்டத்தை வகுத்தன என்பது வேறு கதை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, விடுப்புக்கான தகுதியை 240 நாள்களிலிருந்து 180 நாள்களாகக் குறைத்துள்ளது. வரவேற்கத்தக்கதே. மறுக்கப்பட்ட விடுப்பை வரம்பின்றி அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமையும் தொடர்கிறது. ஆனால், அந்தக் கூட்டுத் திட்டம் 32ஆவது பிரிவில் இடம்பெறவில்லை. மறுப்புக்குக் காரணம் கூறும் கடப்பாடும் அதில் இல்லை.

விடுப்பு மறுக்கப்பட்டது என்பதை எப்படி நிறுவுவது? மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டு, ‘இப்போது வேண்டாம்’ என்ற பதிலுடன் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் சான்று ஏது? வரம்பில்லா உரிமை அங்கேயே பயனற்றுப் போகிறது.

மறுப்பை எழுத்தில், காரணத்துடன், ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என மாநில அரசு வலியுறுத்தினால், அதனால் எந்த ஆலையும் நொடித்துவிடாது. கட்டாயமாக மூடும் நாள்களை நிறுவனங்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்கட்டும்; அவற்றில் பாதியையேனும் தம் செலவில் ஏற்கட்டும்.